போத்தலுக்குள் போன முட்டை

1. மோனிஷா வாய் திறக்கவில்லை

“முட்டைய நீயே தின்னுட்டியா?”

அந்தத் திங்கட்கிழமை காலை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மோனிஷாவைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். வெள்ளிக்கிழமை ஐந்து குழுவுக்கு ஐந்து கண்ணாடிப் போத்தல் கொடுத்து அனுப்பியிருந்தேன். ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் தோல் உரித்த அவித்த முட்டை ஒன்று, முழுசாக இருந்தது. நான்கு போத்தல் கழுவித் துடைத்துத் திரும்பி வந்துவிட்டன. மோனிஷா மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

நான் பிறவிச் சந்தேகக்காரி. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் சிஐடி டீச்சர். காய்ச்சல் என்று கடிதம் வந்தால், கையெழுத்து அம்மா போட்டதா அண்ணன் போட்டதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பாசாரில் மீன்காரர் “இன்னிக்குக் காலையில வந்தது” என்றால் செவுளைத் தூக்காமல் வாங்கமாட்டேன். அதனால் போத்தல் உடைந்திருக்கும், இல்லாவிட்டால் முட்டை இவள் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

“போத்தல் எங்க?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“ஒடச்சிட்டியா?”

இல்லை என்று தலையாட்டினாள். உதடு நடுங்கியது. நடிப்பு என்று நினைத்தேன். இதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓய்வு நேரத்தில் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். அங்கே உடைந்தாள். “போத்தல கலை அக்கா வூட்டு கேட்டுகிட்ட வச்சேன் டீச்சர். அவங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் வச்சேன். சனிக்கெழம விடியக்காலம் அவங்க மாமியார் பாத்துட்டாங்க. சரோஜா ஆண்ட்டிதான் செய்வினை வச்சிட்டாங்கன்னு ரோட்ல நின்னு கத்துனாங்க. எல்லாரும் வந்துட்டாங்க. சரோஜா ஆண்ட்டி கேட்ட பூட்டிக்கிட்டு அழுவுறாங்க டீச்சர்.”

சரோஜா என்பவர் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். மோனிஷாவின் அம்மா வேலை முடிந்து வர ஆறு மணி ஆகும். அதுவரைக்கும் மோனிஷா அங்கேதான் இருப்பாள். அடுத்த வீடுதான் கலையின் வீடு.

“ஏம்மா, நான்தான் வச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கதான டீச்சர், திங்கட்கெழம வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்க.”

2. சோதனை

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சோதனையைச் செய்திருப்பீர்கள். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். முட்டையைவிடக் கொஞ்சம் சின்ன வாய் உள்ள தடித்த கண்ணாடிப் போத்தல் வேண்டும். பழச்சாறு வருகிற போத்தல் சரியாக இருக்கும், சோயா சாறு வருகிற கிச்சாப் போத்தலின் வாய் ரொம்பச் சின்னது. முட்டை சின்னதாக இருக்கட்டும். முழுசாக அவித்து, தோலுரித்து, ஈரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

சிலர் காகிதத்தைக் கொளுத்திப் போத்தலுக்குள் போடுவார்கள். முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நெருப்பை நான் நம்பமாட்டேன். தீ பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் முட்டை உள்ளே போகிறது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், அதையும் நம்பமாட்டேன். தீயே இல்லாமல் சுடுதண்ணீரிலும் இது நடக்கிறதே! போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துணியால் பிடித்துக் குலுக்கி, கொட்டிவிட்டு, உடனே வாயில் முட்டையை வைக்க வேண்டும். பெரியவர்தான் ஊற்ற வேண்டும். உள்ளே இருக்கிற ஆவியும் காற்றும் ஆற ஆற, உள்ளே அழுத்தம் குறையும். வெளியே இருக்கிற காற்று எப்போதும் போல் அழுத்திக்கொண்டே இருக்கும். முட்டை நடுங்கும், நீளும், பிறகு ‘ப்ளுக்’ என்று உள்ளே விழும்.

பிள்ளைகள் உடனே “போத்தல் இழுத்துக்கிச்சு டீச்சர்” என்பார்கள். இழுக்கவில்லை, வெளியே இருக்கிற காற்று தள்ளியது என்று புரியவைப்பதற்குத்தான் இந்தப் பாடமே.

வியாழக்கிழமை விளையாட்டுப் பயிற்சி வந்துவிட்டதால் பாடம் வெள்ளிக்கு மாறியது. வெள்ளிக்கிழமை முட்டையா என்று ஒரு சக ஆசிரியை முகம் சுளித்தார். அறிவியலுக்கு என்ன வெள்ளி, சனி என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன். என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சைவம்தான். ஆனால் தின்னாத முட்டை ஒரு வாசலில் கிடந்தால் நம் ஆட்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாசலில் முட்டை என்றால் நமக்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் வெள்ளிக்கிழமை வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம்.

பாடம் முடியும்போது நானாகச் சேர்த்த ஒரு மசாலாவும் உண்டு. “இத ஒங்களுக்குப் புடிச்ச ஒரு ஆளுக்குக் காட்டுங்க. எப்படி உள்ள போச்சுன்னு அவங்க மண்டையப் போட்டு ஒடச்சிக்கட்டும். திங்கட்கெழம வரைக்கும் ரகசியம். யாரும் சொல்லக்கூடாது, சரியா?” என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மோனிஷாவுக்குப் பிடித்த ஆள் கலை அக்கா. அவ்வளவுதான் நடந்தது.

3. வேலியில போற ஓணான்

எங்கள் பள்ளி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டம் வீட்டுமனையானதும் தாமானுக்கு, அந்தப் புதுக் குடியிருப்புக்கு, இடம் மாறியது. வருடா வருடம் முதலாம் ஆண்டில் எத்தனை பிள்ளை சேரும் என்று தலைமையாசிரியர் விரல் விட்டு எண்ணுகிறவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கதவைச் சாத்தினார்.

“டீச்சர், வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காதீங்க லா. இது தாமான் சண்டை. நாளைக்கு, பள்ளிக்கூடத்துலதான் செய்வினை சொல்லிக் குடுக்குறாங்கன்னு வாட்ஸ்அப்புல போட்டான்னா, நம்ம கதி என்ன?”

“நான்தான் சார் குடுத்தேன்.”

“அது ஒங்களுக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுலா. ரெண்டு நாள்ல அடங்கிடும்.”

அடங்காது என்று எனக்குத் தெரியும். மோனிஷாவின் அம்மாவுக்குப் போன் செய்து அனுமதி கேட்டேன். அவர் பேசியது பாதி அழுகை. “போய்ச் சொல்லுங்க டீச்சர். பாவம் அந்த அக்கா. ஆனா எம்பிள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லிடக்கூடாது” என்றார். பள்ளி விட்டதும் நான்கு போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு, மோனிஷாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, சரோஜாவின் தெரு இருக்கிற குனோங் ராபாட்டுக்குப் போனேன்.

வரிசை வீடுகள். பின்னால் சுண்ணாம்புக் குன்று வெயிலில் வெளுத்து நின்றது. சரோஜாவின் வீட்டுக் கேட்டில் இரண்டு பூட்டு தொங்கியது. வாசலில் யாரோ உப்பைக் கொட்டியிருந்தார்கள். சாதாரணமாக அந்த நேரத்தில் ஐந்து பிள்ளைகளின் செருப்பு அங்கே கிடக்குமாம். அன்றைக்கு ஒரே ஒரு ஜோடிதான் கிடந்தது. மூன்று குடும்பம் சனிக்கிழமையே போனில் சொல்லி நிறுத்திவிட்டது. மோனிஷாவோடு சேர்த்து இரண்டு பேர்தான் மிச்சம். அந்த வருமானத்தில்தான் சரோஜா வாடகை கட்டிக்கொண்டிருந்தார். கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. பிள்ளை கிடையாது.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் அவர் மேல் சாட்டிய குற்றத்துக்கே அஸ்திவாரம். அடுத்த வீட்டுக் கலை ஏழு மாத கர்ப்பம். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. பிள்ளை இல்லாத பக்கத்து வீட்டுக்காரி, வெள்ளிக்கிழமை, கேட்டின் அடியில் போத்தலுக்குள் அடைபட்ட முட்டை. லகாட் பக்கத்திலிருந்து சாமி பார்க்கிற ஒருவரை வரவழைத்தார்கள். “கருவக் கட்டிப் போத்தல்ல அடைச்சிருக்கு” என்று அவர் சொன்னாராம். ஒரு மனிதன் கையால் அந்த வாய் வழியாக முழு முட்டையை நுழைக்க முடியுமா என்று எல்லோரையும் கேட்டாராம். முடியாது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். போத்தலைத் துணியில் சுற்றி ஈயம் தோண்டிவிட்டுப்போன ஏதோ ஒரு பழைய குட்டையில் எறிந்துவிட்டார். அதற்கு முன்பே அதன் படம் தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது. நெருப்பில்லாமல் புகையுமா என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் கேட்ட கேள்வியும், நான் பிள்ளைகளைக் கேட்கச் சொன்ன கேள்வியும் ஒன்றேதான்.

4. பாக்கியம் அம்மாவின் நிபந்தனைகள்

கலையின் மாமியார் பாக்கியம் அம்மா கேட்டைத் திறக்காமல் கம்பிக்குப் பின்னால் நின்று பேசினார். அறுபத்தைந்து வயது இருக்கும். கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், கை இன்னும் உரமாக இருந்தது. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மருமகள் இவர் பொறுப்பில் இருந்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். நான் யார், பாடம் என்ன, போத்தல் என்னுடையது, ரகசியம் சொன்னது நான், எல்லாம் சொன்னேன்.

“அப்ப அந்தப் பிள்ளைதான் வச்சுதா?”

“ஆமாம்மா. வெளையாட்டா வச்சுது. தப்பு என்னோடது.”

“பிள்ளை தானா வைக்குமா? அவதான் குடுத்து வைக்கச் சொல்லியிருப்பா.”

“நான் பள்ளிக்கூடத்துல குடுத்த போத்தல்மா அது.”

“நீங்க ஏன் அவளுக்காகப் பேசுறீங்க? ஒங்களுக்கும் அவளுக்கும் என்ன பழக்கம்?”

எந்த உண்மையைச் சொன்னாலும் அதையே பிடித்துத் திருப்பி எனக்கே ஒரு முடிச்சுப் போட்டார். என் பேச்சிலிருந்தே நான் எந்தக் குடும்பத்துப் பெண் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “நீங்க சிலோன்காரவங்க. படிச்சவங்க. எங்க சங்கதி ஒங்களுக்கு என்ன தெரியும்?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஆனால் என்னைப் போல் இன்னொரு சந்தேகக்காரியை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். நான் அந்த இடத்தில் இருந்தாலும் இந்த டீச்சரை நம்பியிருக்க மாட்டேன்.

“நம்பாதீங்க. ஒங்க கண்ணு முன்னால செஞ்சு காட்டுறேன், பாருங்க” என்றேன்.

அதற்கு அவர் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். தண்ணீர் அவர் வீட்டு அடுப்பில் கொதிக்க வேண்டும். முட்டை அவர் வீட்டு முட்டை. நான்கு போத்தலில் எதை எடுப்பது என்று அவர்தான் சொல்வார். அதை மஞ்சள் தண்ணீரில் கழுவி, உள்ளே முடியோ நூலோ இருக்கிறதா என்று அடிப்பக்கம் கண் வைத்துப் பார்ப்பார். மோந்தும் பார்ப்பார். முட்டையை அவித்து உரிப்பதும் அவர்தான். நான் என் இரண்டு கையையும் மடிமேல் வைத்துக்கொண்டு, உதடு அசைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். உதடு அசைந்தால் மந்திரம்.

நியாயமான சோதனை என்றால் என்ன, எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று இருபத்தேழு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைகூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

கேட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டு, வாசல் போர்ச்சில் பிளாஸ்டிக் மேசை போட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கு வெளியே கூடிவிட்டார்கள். மதில் இடுப்பு உயரம்தான். அந்தப் பக்கம் சரோஜாவும், அவர் உள்ளே கூட்டிக்கொண்ட மோனிஷாவும் வந்து நின்றதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். சரோஜா ஒல்லியான பெண்மணி. இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம்.

பாக்கியம் அம்மா நான் முன்பே சொல்லிவைத்தபடி சுடுதண்ணீரை ஊற்றினார், துணியால் பிடித்துக் குலுக்கினார், கொட்டினார், முட்டையை வைத்தார். முட்டை பெரிய ரகம். மூடி மாதிரி உட்கார்ந்துகொண்டது. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது, பிறகு முட்டை நடுவில் பிளந்து மஞ்சள் தெரிந்தது. உள்ளே போகவில்லை.

வெளியே ஒரு முணுமுணுப்பு கேட்டது. “பள்ளிக்கூடத்துல போவுது, இங்க போவலியா?” என்று ஒரு குரல் வந்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

“முட்ட பெருசுமா. சின்னதா இருந்தா போகும்” என்றேன். உதட்டை அசைத்துவிட்டேனே என்று உடனே பயம் வேறு.

பாக்கியம் அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் சின்ன நாட்டு முட்டையாக, கம்போங் கோழி முட்டை ஒன்றை அவித்து எடுத்துவந்தார். மறுபடி மஞ்சள் தண்ணீர், மறுபடி மோப்பம், மறுபடி சுடுதண்ணீர். இந்தத் தடவை முட்டையைத் தண்ணீரில் முக்கி வைக்கச் சொன்னேன். வைத்த கொஞ்ச நேரத்தில் முட்டை ஆடியது. மெல்ல நீண்டது. இடுப்பு ஒடுங்கியது. ‘ப்ளுக்’ என்று உள்ளே விழுந்தது.

நான் மூச்சு விட்டேன். எல்லோரும் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வகுப்பில் அப்படித்தான் நடக்கும்.

பாக்கியம் அம்மா இரண்டு அடி பின்னால் போனார். “பாத்தீங்களா? கை படல. தானா போவுது. இதத்தானே நானும் சொல்றேன்!”

“தானா போகலம்மா. வெளிய இருக்குற காத்து தள்ளுது.”

“என்ன காத்து? ஃபேன்கூட ஓடல.”

வெளியே நின்ற பெண்களில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் செய்து காட்டியதால் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவர்களுக்கு நான் பேயையே பகலில் நடத்திக் காட்டியிருக்கிறேன்.

5. வெளியே வருமா?

பாக்கியம் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். முதல் தடவையாக அதில் சண்டை இல்லை, பயம்தான் இருந்தது.

“டீச்சர், உள்ள போறது இருக்கட்டும். எப்படியோ போச்சு. வெளிய வருமா? முழுசா வருமா? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை.

வரும் என்று படித்திருந்தேன். போத்தலைக் கவிழ்த்து, முட்டை கழுத்தில் வந்து உட்காரும்போது உள்ளே பலமாக ஊத வேண்டும். உள்ளே போன காற்று இப்போது முட்டையை வெளியே தள்ளும். ஆனால் வகுப்பில் நான் ஒருநாளும் செய்ததில்லை. முப்பது பிள்ளை ஒரே போத்தலில் வாய் வைப்பதா என்று விட்டுவிட்டேன். பாதிப் பாடத்தை மட்டும் நடத்திவிட்டு, மீதிப் பாதியை நம்பிக்கையின் பேரில் சொல்லிக்கொண்டிருந்த டீச்சர் நான்.

“வரும்மா” என்று சொல்லிவிட்டு ஊதினேன். முட்டை கழுத்துக்கு வந்து, திரும்பி, உள்ளே விழுந்தது. மறுபடி ஊதினேன். எனக்கு இளைப்பு உண்டு. மூன்றாவது தடவை கண் இருட்டியது. வாய் முழுக்க முட்டை வாடை.

“வராது” என்றார் பாக்கியம் அம்மா. அழுதுவிட்டார். “கட்டுனது வராது. எனக்குத் தெரியும்.”

அப்போது வீட்டுக் கம்பிக்கதவு திறந்தது. கலை வந்தாள். இரண்டு நாளாக அவளை அறையை விட்டு வெளியே விடவில்லையாம். நெற்றி நிறைய திருநீறு, இரண்டு கையிலும் கறுப்புக் கயிறு.

“அதக் குடுங்க டீச்சர்” என்றாள்.

“உள்ள போ பிள்ள!” மாமியார் குறுக்கே வந்தார்.

“அத்த, நான் கையுறை ஃபேக்டரியில க்யூசி. ஓட்ட இருக்கான்னு ஒரு நாளைக்கு எத்தன கையுறைல காத்தடிச்சிப் பாக்குறேன் தெரியுமா? காத்து தள்ளும்னு எனக்குத் தெரியாதா?” என்றவள், என்னிடம் திரும்பினாள். “நீங்க வாய ஒழுங்கா ஒட்டல டீச்சர். பக்கத்துல காத்து போவுது. அப்பறம் முட்டையோட கூர்ப்பக்கம் கீழ வரணும்.”

போத்தலுக்குள் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு அலசினாள். மெல்லச் சாய்த்து முட்டையைத் திருப்பினாள். கூர்ப்பக்கம் கழுத்துக்கு வந்தது.

“மூச்சப் புடிச்சி ஊதாதம்மா, வயித்துல பிள்ள இருக்கு” என்று மாமியார் கெஞ்சினார்.

“ரெண்டு நாளா மூச்சு விடாமத்தான் உக்காந்திருக்கேன் அத்த.”

போத்தலைத் தலைக்கு மேல் சாய்த்து, உதட்டைச் சுற்றிலும் ஒட்டவைத்து, ஒரே ஊது ஊதினாள். வாயை எடுத்தாள். முட்டை கழுத்தில் நின்றது, ஒருகணம் யோசித்தது போல நின்றது, பிறகு அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஓரத்தில் சின்னக் கீறல். மற்றபடி முழு முட்டை.

பாக்கியம் அம்மா மருமகளின் வயிற்றில் கை வைத்தார். உள்ளே அசைந்தது போலிருக்கிறது. “ஒதைக்கிறான்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கலை முட்டையை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியை எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்று தின்றாள். மாமியார் எழுந்து தடுப்பதற்குள் விழுங்கியாயிற்று. மறு பாதியை எடுத்துக்கொண்டு மதிலருகே போய் சரோஜாவிடம் நீட்டினாள்.

“அக்கா, சாப்புடுங்க.”

சரோஜா கையை நீட்டவில்லை. பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம் கலை. நாளைக்கு ஒனக்கு ஒரு தலவலி வந்தாலும் நான் அதத் தொட்டேன்னு சொல்லுவாங்க.”

6. அதற்குப் பிறகு

நிறுத்தின மூன்று குடும்பத்தில் இரண்டு குடும்பம் அந்த மாதமே பிள்ளைகளைத் திரும்ப அனுப்பியது. ஒரு குடும்பம் கடைசிவரை அனுப்பவில்லை. நான் விளக்கம் எழுதி, என் பெயர் போட்டுத் தாமான் குழுவில் போடச் சொன்னேன். போட்டார்கள். போத்தல் படத்தைப் பார்த்த அளவுக்கு அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

கலைக்குக் குறித்த நேரத்தில் நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது குழந்தையை யாரிடம் விட்டாள் என்று நினைக்கிறீர்கள்? சரோஜாவிடம்தான். முதல் வாரம் முழுக்க பாக்கியம் அம்மா சரோஜாவின் போர்ச்சில் நாற்காலி போட்டு, பால் கலக்குவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டாவது வாரம் தூங்கிவிட்டாராம்.

என் கதைதான் வேறு மாதிரி போயிற்று. பாக்கியம் அம்மா போகிற இடமெல்லாம், டீச்சரம்மா வந்துதான் செய்வினைக் கட்டை அவிழ்த்தார் என்று சொல்லிவிட்டார். காற்றழுத்தம் என்ற பேச்சே அதில் இல்லை. ஒருநாள் முன்பின் தெரியாத ஒரு தம்பதி பள்ளிக்கூடத்துக்கே வந்து, கடையில் வியாபாரம் படுத்துவிட்டது, என்னவென்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். தலைமையாசிரியர் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதமாட்டேன்.

புதிய ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகளிடம் ரகசியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஆச்சரியம் கொடுங்கள், கேள்வி கொடுங்கள். ஆனால் யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடும்படி சொல்லுங்கள். டீச்சர் சொன்னால் பிள்ளை காப்பாற்றும். வீதியே கூடிக் கத்தினாலும், நெஞ்சு வெடித்தாலும் காப்பாற்றும். அந்தப் பாரத்தைச் சுமக்கிற வயது அதற்கு இல்லை. அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு சோதனையோடும் ஒரு தாள் போகும், தமிழில், விளக்கத்தோடு, என் போன் நம்பரோடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது எனக்கே சொல்லிக்கொள்வது.

அன்று மாலை கூட்டம் கலைந்த பிறகு சரோஜாவின் வீட்டுக்குப் போனேன். இரண்டு பூட்டையும் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார். நான் கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் கலக்கிக் கொடுத்தார். அதை என் முன்னால் வைக்கும்போது, குடிப்பேனா மாட்டேனா என்று ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். நான் உடனே எடுத்துக் குடித்தேன், நாக்கு வெந்துவிட்டது.

“நீங்க வந்து சொன்னீங்க டீச்சர், அதுவே பெருசு” என்றார். “பாக்கியம் அக்காமேலகூட எனக்குக் கோவம் இல்ல. ரெண்டு பிள்ளைய பறிகுடுத்த வூடு. பயம். ஆனா பதிமூணு வருஷமா இந்த ரோட்ல இருக்கேன். எத்தன பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டியிருக்கேன். சனிக்கெழம காலையில அத்தன பேரு வந்து நின்னாங்களே, ஒரே ஒரு ஆளு எங்கிட்ட வந்து, ‘சரோஜா, நீயா வச்ச?’ன்னு கேட்டிருக்கலாம்லா. கேட்டிருந்தா நான் இல்லன்னு சொல்லியிருப்பேன். யாருமே கேக்கல டீச்சர்.”

காலையில் நான் மோனிஷாவிடம் தின்னுட்டியா, ஒடச்சிட்டியா என்றுதான் கேட்டிருந்தேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

சந்தேகப்படுவது தப்பு என்று இந்த வயதிலும் நான் சொல்லமாட்டேன். மீனின் செவுளை இன்றைக்கும் தூக்கித்தான் பார்க்கிறேன். ஆனால் மனிதர் மேல் சந்தேகம் வந்தால், தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் அந்த ஆளிடமே போய்க் கேட்டுவிடுகிறேன். சரோஜா அன்றைக்குச் சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது.